குத்தாலிங்கத்தின் தம்பி

மணி அடித்து நேரமாகிவிட்டது. குத்தாலிங்கம் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

காது மட்டும் விழித்திருந்தது. துண்டை உதறும் சத்தம். யாரோ நெட்டி முறிக்கும் சத்தம். ஒரு கொட்டாவி. கூடத்தில் அவரோடு சேர்த்துப் பதினைந்து பேர். பதின்மூன்று பேர் எழுந்து போயாகிவிட்டது. ஒருவர் மட்டும் போகவில்லை. பக்கத்தில் மூச்சு கேட்டது.

போய்த் தொலையேன்யா என்று மனதுக்குள் சொன்னார்.

எதிரே தரையில் ஏதோ மெல்ல வைக்கப்பட்டது. பாகல் இலையைக் கசக்கியது போல ஒரு வாசம் வந்து போனது. காலடி விலகியது. கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது.

கண்ணைத் திறந்தார். எதிரே ஒரு செம்பில் தண்ணீர் இருந்தது.

அதைப் பற்றி யோசிக்க அவருக்கு அவகாசமில்லை. இடது கையைத் தரையில் ஊன்றி உடம்பை ஒருக்களித்தார். வலது காலை, அது வேறு யாருடைய காலோ என்பதுபோல, கையால் எடுத்து நீட்டினார். முழங்காலுக்குள் மணல் அரைபட்டது. பக்கத்தில் ஒரு கல்தூண். உட்கார்ந்தவனுக்குக் கையெட்டும் உயரத்தில் அதில் ஒரு குழி இருந்தது. எண்ணெய் தேய்த்தது போல வழுவழுப்பான குழி. மடத்தை உண்டாக்கிய ஆதிப் பெரியவர் நிஷ்டையில் கை பதித்த இடம் என்று சொல்வார்கள். வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். குத்தாலிங்கம் அந்தக் குழியில் நான்கு விரலையும் மாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் மேலே இழுத்தார்.

நிமிர்ந்து நின்றதும் தூணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தென்காசிக்கு மேற்கே, ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். அங்கே பூசை, ஹோமம் எதுவும் கிடையாது. காலை ஆறு மணிக்கு எல்லோரும் வெறுந்தரையில் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு இருப்பு என்று பெயர். மணி அடித்த பிறகு எழுவது அவரவர் விருப்பம். கூடத்துச் சுவரில் நீலப் பெயின்டில் ஒரே ஒரு விதி எழுதியிருந்தது. எழாதவரைத் தொடாதே. நீர் வை.

மணி அடித்தும் ஒருவர் எழவில்லை என்றால் அவர் உள்ளே வெகுதூரம் போய்விட்டார் என்று அர்த்தம். அப்படி ஒருவர் போய் இருபது வருடமாகிவிட்டது என்று பேசிக்கொள்வார்கள்.

அன்று கஞ்சி குடிக்கப் போனபோது சாப்பாட்டு அறையில் பேச்சு நின்றது. அங்கே கால் தொங்கப்போட்டு உட்கார ஒரு சிமெண்டு மேடை உண்டு. வெயிலுமுத்து நகர்ந்து இடம் விட்டார். கயத்தாற்றில் உரக்கடை வைத்திருந்துவிட்டு வந்தவர். மடத்தில் எட்டு வருடம் மூத்தவர். லேசில் யாருக்கும் இடம் விடாதவர்.

"எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எது?"

வெயிலுமுத்து மெல்லத் தலையை ஆட்டினார்.

"சொல்ல முடியாதுதான்," என்றார்.

குத்தாலிங்கம் கஞ்சியைக் குடித்தார். மறுநாளும் செம்பு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். படிக்கட்டிலும் இரண்டு சீட்டுக்கு நடுவிலும் நின்றே தேய்ந்த கால். மனைவி இறந்த மறு வருடம், மகன் வீட்டில் உறவுக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, மடத்துக்குப் போகிறேன், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். தாம்பாளம் நிறையப் பழம் வைத்து, மாலை போட்டு, பஸ் ஏற்றிவிட்டார்கள். மருமகள்கூட அழுதாள். மாலை போட்டு அனுப்பப்பட்ட மனுஷன், முட்டு வலிக்கிறது என்று எப்படித் திரும்பிப் போவது?

செம்பு வந்த அதே மாதம் யாருக்கும் தெரியாமல் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஒரு பெண். எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"தேய்மானம். இந்த எலும்பும் இந்த எலும்பும் உரசுது பாருங்க. சம்மணம் போடக்கூடாது. குந்தக்கூடாது. தரையில இருந்து எந்திரிக்கிற சோலியே வேண்டாம். நாற்காலியில உட்காருங்க. காலுக்குப் பயிற்சி சொல்லித் தாரேன். என்ன வேலை பாக்கீங்க?"

"தரையில உட்காருற வேலைதான்ம்மா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரேயை மடத்துக்குக் கொண்டுவந்து பாய்க்கு அடியில் வைத்தார். புரண்டு படுக்கும்போதெல்லாம் அது சலசலத்தது. பக்கத்துப் பாய்க்காரர் எலி என்று நினைத்துக்கொண்டார்.

மாசானத்தின் ஞாபகம் அடிக்கடி வந்தது. மடத்தில் அவரைவிட மூத்தவர் மாசானம். போன வருடம் இடுப்பு பிடித்து ஒரு மாதம் படுத்தார். மகன் வேன் கொண்டு வந்தான். யாரும் மாசானத்தைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. வேனில் தூக்கி வைக்கும்போது அவர் கூடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவருடைய துண்டு தொங்கிய ஆணி இன்னும் காலியாக இருந்தது. குத்தாலிங்கத்தின் துண்டு அதற்கு அடுத்த ஆணியில் தொங்கியது.

வலது காலைக் காப்பாற்ற இடது காலில் பாரத்தைப் போட்டு நடந்தார். ஒரு மாதத்தில் இடது இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் ஊன்றி ஊன்றி மணிக்கட்டு வீங்கியது. தூணைப் பிடித்து இழுத்ததில் தோள்பட்டை போனது. கடைசியாகத் தாடையும் வலிக்கத் தொடங்கியது. தாடை எதற்கு வலிக்கிறது என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

சமையல்கட்டில் இசக்கியம்மாளுக்கும் முட்டு வலிதான். அவள் முக்காலியில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். எழுந்திருக்கும்போதெல்லாம் தன் முட்டைப் பெயர் சொல்லித் திட்டுவாள்.

"ஏ நாசமாப்போன முட்டே, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? எந்திரி."

மடம் முழுக்க அது கேட்கும். கேட்டவுடன் யாராவது ஒருவர் போய் வாளியைத் தூக்கிக் கொடுப்பார்கள். குத்தாலிங்கம் அந்தச் சத்தத்தைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவள் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து முட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு பக்கமாச் சாஞ்சு வாரீரு?"

"செருப்பு கடிச்சிருச்சு."

"வெறுங்காலோடதான வந்திருக்கீரு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"எனக்கும் முதல்ல வலது முட்டுதான்," என்றாள் அவள். "அதை நோகாம வச்சுக்கிட்டேனா, இடது இடுப்புக்குப் போயிருச்சு. உள்ளுக்குள்ளயே ஒருத்தன் சோலியை இன்னொருத்தன் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். நமக்குத் தெரியல."

"தாடை வலிக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

"முட்டு வலிக்குத் தாடை எதுக்கு வலிக்கி?"

"சும்மா கேட்டேன்."

அவள் ஒத்தடத் துணியை அவர் பக்கம் நீட்டினாள். சூடு இன்னும் மிச்சமிருந்தது. அவர் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மடத்தின் தலைவருக்குப் பெரியவர் என்று பெயர். யார் அந்த இடத்துக்கு வந்தாலும் அதுதான் பெயர். இப்போதைய பெரியவருக்கு நாற்பத்தாறு வயது. குத்தாலிங்கத்தை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். குத்தாலிங்கம் அவரைச் சாமி என்று கூப்பிடுவார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு நாள் தோட்டத்துக்குப் போனார். பெரியவர் பாகல் கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"உடம்புல வலி இருந்தா இருப்புக்கு அது தடையா?"

"யாருக்கு வலி?"

நாக்கு நுனிவரை வந்தது. காலியான ஆணி கண்ணுக்குள் தெரிந்தது.

"என் தம்பிக்கு," என்றார்.

அவருக்குத் தம்பி கிடையாது.

"தம்பி எங்க இருக்காரு?"

"அம்பாசமுத்திரத்துல."

"எங்க வலி?"

"முட்டுல சாமி. அங்கதான் ஆரம்பிச்சது. இப்ப இடுப்பு, மணிக்கட்டு, தோள்பட்டை. தாடையும் வலிக்குதாம்."

"தாடையுமா? பல்லைக் கடிக்கிறாரு போல."

குத்தாலிங்கத்தின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எதுக்குக் கடிக்கணும்?" என்றார் பெரியவர். "கத்தலாமே."

"கத்துனா வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"வீட்டுல எத்தனை பேரு?"

"பதினாலு பேரு சாமி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பெரியவர் கொடியின் நுனியைக் கயிற்றில் சுற்றினார்.

"பெரிய குடும்பந்தான்," என்றார். "தம்பியை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. பாக்கணும் போல இருக்கு."

அதன் பிறகு நான்கு நாளைக்கு ஒரு முறையாவது கேட்பார். தம்பி எப்படி இருக்காரு? ராத்திரி தூங்குதாரா? தைலம் ஏதும் தேய்க்காரா? குத்தாலிங்கம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பொய்யான தம்பிக்கு உண்மையான வலிகளைச் சொன்னார். அந்தப் பேச்சு முடியும்போது மட்டும் தாடை கொஞ்சம் இளகியிருக்கும்.

இதற்கிடையில் செம்புச் செய்தி ஊருக்குள் போய்விட்டது.

வெயிலுமுத்து ஒரு புது ஏற்பாடு செய்தார். அண்ணாச்சி எழுந்து வராமல் யாரும் கஞ்சி குடிக்கக் கூடாது. பிறகு இன்னொன்று. கூடத்தில் அவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது, நாலு பேராவது பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல அலை வீசுகிற இடத்தில் இருந்தால் நமக்கும் கொஞ்சம் ஒட்டுமே என்றார்.

அவர்கள் போனால்தான் குத்தாலிங்கம் எழ முடியும். அவர் எழுந்தால்தான் அவர்கள் போவார்கள். மணி அடித்தபின் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் முக்கால் மணியாயிற்று. கால் மரத்து, வலி இடுப்பில் ஏறி உட்கார்ந்தது. போங்கள் என்று ஒரு நாள் கையை அசைத்துக் காட்டினார். அந்த நான்கு பேரும் குனிந்து தலையைத் தரையில் வைத்தார்கள். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திருப்தியில் எழுந்தும் போனார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கையசைப்பு பழக்கமாயிற்று. ஊரிலிருந்து ஆட்கள் அதற்காகவே வந்தார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் முன்னால் கிடத்தினாள். பாலைக் கக்குகிறதாம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குழந்தை அவருடைய வலது முட்டைப் பிடித்து இழுத்தது. அவர் முகத்தில் ஓடியதைப் பார்த்து அந்தப் பெண் அழுதாள்.

"கஞ்சி பசையாப் போச்சு," என்று சமையல்கட்டிலிருந்து இசக்கியம்மாள் சத்தம் போட்டாள். "உள்ள போனவரு எப்ப வெளிய வாராரு?"

ஆவணி பிறந்தது. ஒரு நாள் பெரியவர் சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்.

"குருபூசை முடிஞ்சதும் நான் நாற்பத்தெட்டு நாள் வடக்கே போயிட்டு வாரேன். அதுவரைக்கும் முன்பலகையில குத்தாலிங்கம் அண்ணாச்சி உட்காரட்டும். குருபூசை அன்னைக்கே பலகையை மாத்திக்கிடுவோம்."

முன்பலகை என்பது கூடத்தின் முன்னால் பெரியவர் உட்காரும் பலாப்பலகை. அதில் உட்கார ஒரு முறை உண்டு. குருபூசை அன்று காலை இருப்பு முடிந்து மணி அடிக்கும். அடித்ததும், பலகைக்கு வருகிறவர் தன் இடத்தில் எழுந்து நின்று, ஊர் பார்க்க நான்கு அடி நடந்து போய் உட்கார வேண்டும். பழையவர் புதியவரின் காதில் உபதேசம் சொல்வார். அது என்ன உபதேசம் என்று வேறு யாருக்கும் தெரியாது.

எழுந்து நின்று, ஊர் பார்க்க. குத்தாலிங்கம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனார்.

"நான் வேண்டாம் சாமி."

"ஏன்?"

"தகுதி இல்ல."

"தகுதி இருக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு வெயிலுமுத்து இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

"சாமி..."

பெரியவர் காத்திருந்தார். ஒரு பாகல் பூவில் தேனீ வந்து உட்கார்ந்து போனது.

"தம்பி எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்கான்."

"குருபூசைக்கு வரச் சொல்லுங்களேன்," என்றார் பெரியவர்.

குருபூசைக்கு முந்தின நாள், கஞ்சி குடித்த கையோடு பையைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். எங்கே போவது என்று தெரியாது. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறினால் ஏதாவது ஒரு ஊர் வரும். அரை மணி நேரத்தில் பஸ் வந்தது. படிக்கட்டு அவருடைய முட்டு உயரத்தில் இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். இடது காலைத் தூக்கினால் பாரம் முழுவதும் வலது காலில் நிற்க வேண்டும். வலது காலைத் தூக்கினால், அது தூக்க வரவில்லை.

"ஏறுறதுன்னா ஏறுங்க தாத்தா," என்றான் கண்டக்டர். "நேரமாகுதுல்லா."

முப்பத்தொரு வருடமாக அவர் சொன்ன வார்த்தை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். ஒரு முகம்கூட ஞாபகம் வரவில்லை.

கம்பியை விட்டார். விசில் கேட்டது. பஸ் போனது. புழுதி அடங்கியபின் பையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

குருபூசை அன்று கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். குத்தாலிங்கம் தன் வழக்கமான இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் என்பது அவ்வளவு சீக்கிரம் தீரும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

மணி அடித்தது.

பெரியவர் பலகையிலிருந்து எழுந்து ஓரமாக நின்றார். நாற்பது தலைகளும் குத்தாலிங்கத்தின் பக்கம் திரும்பின. அவர் இடது கையை ஊன்றினார். இடுப்புக்குள் ஏதோ சொடுக்கியது. கையை எடுத்துவிட்டார். மறுபடியும் ஊன்றினார். மணிக்கட்டு வளைந்தது. தூணின் குழி ஒரு முழத்தில் இருந்தது. ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்கிற இடத்தைப் பிடித்து, ஊர் முன்னால், மாடு எழுவது போல எழ வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டார்.

கூடத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது.

"போயிட்டாரு," என்று வெயிலுமுத்து கிசுகிசுத்தார். "இன்னைக்குப் பாத்து உள்ள போயிட்டாரு."

யாரோ செம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். வளையல் சத்தம். தரையில் நெற்றி படும் சத்தம். யாரும் எழுந்து போகவில்லை. இனி போகவும் மாட்டார்கள். கையை அசைத்தால் இன்னும் நெருங்கி வருவார்கள். யாரும் தொட மாட்டார்கள். இப்படியே சாயங்காலம்வரை இருக்கலாம். நாளைக்கும் இருக்கலாம். செத்துப்போனால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். சமாதி என்று இங்கேயே கட்டிவிடுவார்கள்.

ஜன்னல் வெயில் அவர் மடியிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. பாயசம் அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. பெண்கள் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை முனகியது.

"அம்மா, பசிக்கி."

"சும்மா இரு. சாமி உள்ள போயிருக்கு. வந்த பிறகுதான் சோறு."

"எப்ப வரும்?"

பதிலுக்கு அடி விழும் சத்தம் கேட்டது. பிள்ளை அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டது போலிருந்தது.

குத்தாலிங்கம் கண்ணைத் திறந்தார்.

"சாமி," என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தம்பி வந்திருக்கான்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் யாருமில்லை. பெரியவர் மட்டும் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"எப்ப வந்தாரு?"

"ரெண்டு வருஷமாச்சு. இங்கதான் இருக்கான்."

"இப்ப அவருக்கு என்ன செய்யுது?"

"எந்திரிக்க முடியல."

"இன்னைக்குத்தானா?"

"ஒரு நாளும் முடியல சாமி. எல்லாரும் போன பிறகு தூணைப் பிடிச்சு எந்திரிப்பான். ஆளுக இருந்தா அப்படியே உட்கார்ந்திருப்பான்."

வெயிலுமுத்து செம்பைப் பார்த்தார். பிறகு குத்தாலிங்கத்தைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளும்?"

"முட்டுதான் வெயிலுமுத்து. உள்ள எங்கயும் போகல."

"அதான பாத்தேன்," என்றாள் சமையல்கட்டு வாசலில் நின்ற இசக்கியம்மாள். "பதினஞ்சு வருஷமா நானுந்தான் எந்திரிக்க முடியாமக் கெடக்கேன். எனக்கு ஒருத்தனும் செம்புல தண்ணி வைக்கல."

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள். கைக்குழந்தைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் குத்தாலிங்கம் தன் முட்டைப் பார்த்தார். தாடை வலிக்கவில்லை. அது நின்றுபோனதே அவருக்குப் பயமாக இருந்தது.

"என் பையைக் கட்டித்தான் வச்சிருக்கேன் சாமி. யாராவது பஸ்ஸுல மட்டும் ஏத்திவிடணும். நானா ஏற முடியல."

பெரியவர் நடந்து வந்தார். செம்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குத்தாலிங்கத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் காதருகே குனிந்தார்.

பலகைக்கு வருகிறவருக்குச் சொல்வது அது என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலுமுத்துவின் கைகள் தாமாகக் குவிந்தன.

பாகல் இலையின் வாசம் குத்தாலிங்கத்தின் மூக்கில் ஏறியது. முதல் நாள் செம்பு வைத்தபோது வந்த அதே வாசம்.

"ஆதிப் பெரியவருக்கு ரெண்டு முட்டும் போச்சு," என்றார் பெரியவர், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "தொட்டா உயிர் போற மாதிரி வலிக்குமாம். அதான் தொடாதேன்னு எழுதிப் போட்டாரு. எந்திரிக்கிற வரைக்கும் தாகமா இருக்கும். அதான் தண்ணி."

குத்தாலிங்கத்தின் கண் தூணுக்குப் போனது. குழிக்குப் போனது.

"அந்தக் குழி?"

"ம்."

அவருடைய வலது கை விரல்கள் நான்கும் மடங்கின. எத்தனை காலை எழுந்தால் கல்லில் இத்தனை ஆழம் விழும்?

"அவரு யாருகிட்டயும் சொல்லவே இல்லையா சாமி?"

"பலகையை விட்டு இறங்குன அன்னைக்குத்தான் சொன்னாராம். அதுவும் ஒருத்தர் காதுல. அதுவரைக்கும் எல்லாரும் கால்ல விழுந்தாங்க அண்ணாச்சி," என்று சொல்லிப் பெரியவர் கையை நீட்டினார். "கை கொடுக்க ஒருத்தரும் வரல."